அக்டோபர் 12ஐ ஆதரித்து வாதிடுவது எப்படி

1492 அக்டோபர் 12 அன்று கொலம்பஸ் பஹாமாஸ் தீவுகளில் ஒன்றில் கரையிறங்கினார். அந்த நாள் ஸ்பெயினுக்குத் தேசிய விழா. வெனிசுவேலாவில் அது 2002 முதல் பழங்குடியினரின் எதிர்ப்பு நாள். பொலிவியாவில் 2011 முதல் காலனியத்தைக் களையும் நாள். இவ்வளவு எதிர்ப்புக்குள்ளான ஒரு நாளை ஹிஸ்பானிய, அதாவது ஸ்பானிய மொழி பேசும் நாடுகளின், பண்பாட்டு மரபின் பகுதி என்று ஆதரித்து எழுதவோ பேசவோ முனைபவர், எதை ஆதரிக்கிறோம், எதை ஆதரிக்கவில்லை என்பதைத் தொடக்கத்திலேயே வரையறுத்துவிட வேண்டும்.

முதலில், கொலம்பஸுக்காக வாதாடாதீர்கள். கரீபியக் கடலின் ஹிஸ்பானியோலா தீவை (இன்றைய ஹைட்டியும் டொமினிகன் குடியரசும்) அவர் ஆண்ட முறை பற்றிய புகார்களை விசாரிக்க ஸ்பானிய அரசே அனுப்பிய பொபதில்யா என்ற அதிகாரி, 1500இல் அவரைக் கைது செய்து விலங்கிட்டு ஸ்பெயினுக்கு அனுப்பினார். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்த விடுமுறை அவர் பெயரிலேயே இருப்பதற்கு, அவரைப் போலவே இத்தாலியர்களான குடியேறிகள் அங்கு பட்ட அவமதிப்பும் ஒரு காரணம். ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் இந்த நாள் வேறு வழியில் வந்தது. ஸ்பெயினின் ஆட்சியை உதறி நூறாண்டு கடந்த பின், 1917இல், அர்ஜென்டினாவின் குடியரசுத் தலைவர் இரிகோயென் தம் ஆணையால் அதைத் தேசிய விழாவாக்கினார். ஸ்பெயினின் சட்டம் அதற்கு அடுத்த ஆண்டுதான் வந்தது. பேரரசு திணித்த விழா இது என்பவருக்கும், 1939 முதல் 1975 வரை ஸ்பெயினை ஆண்ட ஃபிராங்கோவின் சர்வாதிகாரம் உருவாக்கிய விழா என்பவருக்கும் இந்த வரிசையே பதில். ஃபிராங்கோ ஆட்சி இதைத் தன் பெருமைக்குப் பயன்படுத்திக்கொண்டது உண்மை. அதை ஒப்புக்கொண்டு, மக்களாட்சி திரும்பிய பின் 1987இல் ஸ்பெயினின் நாடாளுமன்றம் இதே நாளைத் தேசிய நாளாகச் சட்டமாக்கியதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

அடுத்து, வன்முறையை எதிர்த்தரப்பு எடுத்துக்காட்டும் வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள். ஹிஸ்பானியோலாவின் பழங்குடியினரான தாயினோ மக்கள் சில பத்தாண்டுகளுக்குள் பெரும்பாலும் அழிந்தனர். பெரியம்மை நோய்மீது முழுப் பழியையும் போட வேண்டாம். அது 1518இன் இறுதியில்தான் அத்தீவை எட்டியது, அதற்கு முன்பே கட்டாய உழைப்பும் பசியும் போரும் அவர்களைக் குறைத்துவிட்டிருந்தன. பிற பேரரசுகளும் இப்படித்தான் நடந்துகொண்டன என்ற வாதத்தை அறவே விட்டுவிடுங்கள். அது யாருடைய துயரத்தையும் குறைப்பதில்லை.

இந்த ஒப்புதலிலிருந்தே உங்கள் வலுவான வாதம் பிறக்கிறது. 1511 டிசம்பரில் ஹிஸ்பானியோலாவின் தலைநகரான சாந்தோ தொமிங்கோவின் தேவாலயத்தில், கொலம்பஸின் மகனும் ஆளுநருமான தியேகோ முன்னிலையில், மொந்தேசினோஸ் என்ற துறவி, ஸ்பானியக் குடியேறிகளை நோக்கி, பழங்குடியினரைக் குறித்து, 'இவர்கள் மனிதர்கள் இல்லையா?' என்று கேட்டார். அந்தக் கேள்வி, பழங்குடியினருக்காக வாதாடிய ஸ்பானியத் துறவி லாஸ் காஸாஸின் எழுத்தின் வழியாகவே நமக்குக் கிடைத்தது. அதன் பின் 1512இல், பழங்குடியினரை நடத்தும் முறையை வரையறுத்த புர்கோஸ் சட்டங்களும், பழங்குடியினரை அடிமையாக்குவதைத் தடைசெய்த 1542இன் புதிய சட்டங்களும், வெற்றிகொள்வதற்கு அறநியாயம் உண்டா என்று 1550இல் ஸ்பெயினின் வல்லடோலிட் நகரில் தொடங்கிய விவாதமும் வந்தன. இவை பெரும்பாலும் மீறப்பட்டன. பெருவில் புதிய சட்டங்களை எதிர்த்து நிலவுடைமையாளர் கிளர்ந்தபோது, அவற்றை நிறைவேற்ற வந்த அரசப்பிரதிநிதியே 1546இல் கொல்லப்பட்டார். இதையும் மறைக்காமல் சொல்லுங்கள். தன் குற்றத்தைத் தன் மொழியிலேயே குற்றம் என்று பதிவுசெய்து, அதற்காகத் தன் அரசனிடமே வழக்காடிய ஒரு மரபை நினைவுகூர இந்த நாள் தகுதியானது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பிறகு, இந்தச் சந்திப்பில் பிறந்த மக்களைப் பேசவையுங்கள். 1539இல் பெருவின் கூஸ்கோ நகரில் இன்கா அரசகுலப் பெண்ணுக்கும் ஸ்பானியத் தளபதிக்கும் பிறந்த எழுத்தாளர் கார்சிலாசோ, தம்மைக் கலப்பினத்தவர் என்று வாய்நிறையச் சொல்லிப் பெருமை கொண்டார். மெக்சிகோவில் சாகுன் என்ற ஸ்பானியத் துறவி, அங்குள்ள நாவா பழங்குடி அறிஞர்களோடு அமர்ந்து அவர்களுடைய உலகத்தை நாவாட்டில் மொழியிலேயே எழுதிவைத்தார். பழங்குடி மொழியான குவாரனி பராகுவேயில் இன்றும் பெரும்பான்மையினரின் வாயில் வாழ்கிறது. 1992இன் அரசமைப்பு அதை ஸ்பானியத்துக்கு இணையான ஆட்சிமொழியாக்கியது. ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டோர் தந்த இசையும் வழிபாடும் இல்லாமல் கியூபாவின் பண்பாடே இல்லை. அவர்களை விட்டுவிட்டு எழுதப்படும் ஆதரவுக் கட்டுரை பாதிக் கட்டுரைதான்.

பெயர் மாற்றங்களைக் கண்டு பதற வேண்டியதில்லை. சிலி 2000இல் இரு உலகங்களின் கண்டுபிடிப்பு என்றும், அர்ஜென்டினா 2010இல் பண்பாட்டுப் பன்மைக்கு மரியாதை என்றும் பெயரிட்ட பிறகும் நாளைக் கைவிடவில்லை. பழங்குடியினர் வேறொரு நாளை வைத்துக்கொள்ளட்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள். அதே நாளில், அதே மேடையில், அவர்களுடைய மொழியிலேயே அவர்கள் பேச இடம் கேளுங்கள். அந்த உரை உங்கள் உரைக்கு முன்பாக இருக்கும்படி நிகழ்ச்சி நிரலில் எழுதச் சொல்லுங்கள்.