‘அலாரம் ஆஃப்’ என்று காதில் விழுந்தால்

பிரிட்டனுக்குப் புதிதாக வருகிறவர்களைத் தடுக்கி விடுவது கடினமான ஆங்கிலம் இல்லை, ஏற்கெனவே தெரிந்த குட்டிச் சொற்கள்தான். நான் வந்த புதிதில் ஒருநாள் வேலையில் இருந்தபோது பக்கத்து வீட்டம்மா போன் செய்து ‘யுவர் ஸ்மோக் அலாரம் ஹேஸ் கான் ஆஃப்’ என்றார். ஆஃப் என்றால் நின்றுவிட்டது என்றுதானே அர்த்தம், சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று போனை வைத்துவிட்டேன். அது அங்கே அலறிக்கொண்டு இருந்திருக்கிறது. ‘கோ ஆஃப்’ விளக்குக்கு வந்தால் அணைவது, அலாரத்துக்கு வந்தால் அடிப்பது, பாலுக்கு வந்தால் கெட்டுப்போவது!

நம் மொழியிலும் இது உண்டு. காட்டு, கொடு இரண்டும் தெரிந்த வெளியாளுக்கு ‘காட்டிக்கொடுத்தான்’ என்றால் துரோகம் என்று எப்படித் தெரியும்? அதனால் பிரித்துப் பொருள் தேடாதீர்கள். எந்த இடத்தில் கேட்டீர்களோ அந்த இடத்தோடு முழுசாக மனதில் வையுங்கள்.

டாக்டரிடம் பேசும்போதுதான் மிகவும் கவனம் வேண்டும். குழந்தைக்கு முடியவில்லை என்று 111-க்கு (மருத்துவ ஆலோசனை கேட்கும் எண்) போன் செய்தால் ‘ஹேஸ் ஷி பிராட் எனிதிங் அப்?’ என்பார்கள், வாந்தி எடுத்தாளா என்று கேட்கிறார்கள், ‘பிரிங் அப்’ என்றதும் நாம் நினைக்கிற வளர்ப்பைப் பற்றி இல்லை. நம் ஊரில் ‘2015-ல் பாஸ் அவுட் ஆனேன்’ என்றால் படிப்பை முடித்தேன். இங்கே மயங்கி விழுந்தேன் என்று அர்த்தம். இன்டர்வியூவில் ‘கிராஜுவேட்டட்’ என்றே சொல்லுங்கள். டாக்டர் உங்களை ‘சைன் ஆஃப்’ செய்தால் உடம்பு சரியாகும்வரை வேலைக்குப் போக வேண்டாம் என்று எழுதித் தருகிறார் (7 நாளுக்கு மேல் லீவு என்றால் அந்தச் சீட்டு வேண்டும்), ஆனால் ‘சைன் ஆன்’ என்பது வேலையில்லாதவர் உதவித்தொகைக்குப் பதிவது.

அப்புறம், ‘புட் ஆஃப்’ தள்ளிவைப்பது, ‘கால் ஆஃப்’ அடியோடு கைவிடுவது. பிள்ளையைப் பள்ளியில் விடுவது ‘ட்ராப் ஆஃப்’, கூட்டி வருவது ‘பிக் அப்’, ஆனால் அவன், அவள் என்று சொல்லும்போது அந்தச் சொல் நடுவில் வரும்: ‘பிக் ஹிம் அப்’. ‘லுக் ஆஃப்டர்’ (பார்த்துக்கொள்வது) மட்டும் பிரியாது, ‘லுக் ஆஃப்டர் ஹிம்’தான்.

புரியாவிட்டால் தலையாட்டாதீர்கள், திரும்பக் கேளுங்கள். 111-இல் ‘டமில் இன்டர்ப்ரெட்டர், ப்ளீஸ்’ என்றால் தமிழ் பேசுகிறவரை இணைப்பில் கொண்டுவருவார்கள், அதற்குக் காசு கிடையாது.