தேரி மணலிலிருந்து ஆய்விதழ் வரை: பொறியியல் கட்டுரையை எழுதி அனுப்பும் முறை

திருநெல்வேலி, தூத்துக்குடி, தென்காசி வட்டாரத்துப் பொறியியல் கல்லூரிகளில் ஆண்டுதோறும் முடியும் முதுநிலை, முனைவர் பட்ட ஆய்வுகளில், ஆய்விதழில் வெளிவரத் தகுதியுள்ளவை பல உண்டு. கடலோரச் செம்மணல் மேடுகளான தேரிகளின் மணல், தூத்துக்குடி அனல்மின் நிலையத்து உலைச்சாம்பல், இராதாபுரம் பக்கத்துக் காற்றாலைகள் என்று ஆய்வுக்குரிய பொருள்கள் நம் வாசலிலேயே கிடக்கின்றன. இருந்தும் அவற்றில் பல நூலக அலமாரியோடு நின்றுவிடுகின்றன. சில, போகக்கூடாத இதழுக்குப் போய்ச் சேர்கின்றன. ஆய்வேட்டைச் சுருக்கிக் கட்டுரையாக்கிய பிறகு அதற்கேற்ற இதழைத் தேடத் தொடங்குவதே இதற்கு முதற்காரணம் என்பது என் எண்ணம். கட்டுரை நிறுவப்போகும் முடிவு எது, அதை எதிர்பார்க்கும் வாசகர் எந்த இதழில் இருக்கிறார் என்ற இரண்டையும் உறுதிசெய்த பிறகே எழுத உட்கார வேண்டும்.

ஓர் எடுத்துக்காட்டை வைத்துக்கொண்டு பேசினால் தெளிவாக இருக்கும். பாளையங்கோட்டைப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் எம்.இ. படிக்கும் மாணவி, ஆற்று மணலில் 10, 20, 30, 40 விழுக்காட்டைத் தேரி மணலால் ஈடுசெய்து 150 மி.மீ. கனசதுரங்களை வார்த்து, 7ஆம் நாளிலும் 28ஆம் நாளிலும் உடைத்துப் பார்த்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம்.

முடிவை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள்

"தேரி மணலைக் கான்கிரீட்டில் பயன்படுத்தலாம்" என்பது ஒரு முடிவாகாது. இதை வேறு பலரும் ஏற்கெனவே சொல்லியிருக்கிறார்கள். "தேரி மணலின் நுண்துகள்கள் நீர்த்தேவையைக் கூட்டுவதால் ஒரு குறிப்பிட்ட அளவுக்கு மேல் வலிமை குறைகிறது, நீர்க்குறைப்பான் சேர்த்துக் கலவையின் இளக்கத்தைச் சமப்படுத்தினால் அந்த எல்லை உயர்கிறது" என்று எழுத முடிந்தால் அதில் ஒரு கூற்றும், காரணமும், சோதித்துப் பார்க்கத்தக்க எல்லையும் வந்துவிடுகின்றன. இத்தகைய வாக்கியம் கைக்கு வராவிட்டால், ஆய்வகத்துக்குத் திரும்பி இன்னும் ஒரு தொகுதி வார்ப்பதே நல்லது. பக்கத்து மேசையில் இருக்கும் நண்பரிடம் தமிழிலேயே ஐந்து நிமிடம் விளக்கிப் பார்ப்பதும் உதவும்; விளக்கும்போது எங்கே தடுமாறுகிறோமோ அங்கேதான் கட்டுரையும் பலவீனமாக இருக்கும்.

முன்னோர் ஆய்வுகளைத் தேடுவதற்கு இன்று வசதி கூடியிருக்கிறது. மத்திய, மாநில அரசுகளின் உயர்கல்வி நிறுவனங்களுக்கு 2025 சனவரி முதல் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்தின் கீழ் சுமார் 13,000 ஆய்விதழ்கள் திறந்துவிடப்பட்டுள்ளன. சுயநிதிக் கல்லூரியில் இருப்பவர்கள், கூகுள் ஸ்காலரில் காட்டப்படும் இலவசப் பிரதிகளையும் 'சோத்கங்கா' தளத்திலுள்ள ஆய்வேடுகளையும் பயன்படுத்தலாம். கட்டுரையாளருக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்டாலும் பலர் மறுக்காமல் அனுப்பிவைக்கிறார்கள்.

இதழைத் தேர்ந்தெடுத்தல்

நீங்கள் மேற்கோள் காட்டவிருக்கும் கட்டுரைகளில் மிக நெருக்கமான பத்தை எடுத்து, அவை எந்தெந்த இதழ்களில் வந்தவை என்று எழுதிப் பாருங்கள். இரண்டு மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். உங்கள் வாசகர் இருப்பது அங்கேதான். அவ்விதழ்களின் நோக்கமும் எல்லையும் குறித்த பக்கத்தையும், அண்மை ஓராண்டுக் கட்டுரைத் தலைப்புகளையும் படித்தால், உங்கள் ஆய்வு அங்கே பொருந்துமா என்பது ஏறக்குறையத் தெரிந்துவிடும். பொருந்தாத கட்டுரையை இதழாசிரியர், அதைச் சோதிக்கும் துறை வல்லுநரான மதிப்பீட்டாளருக்கே அனுப்பாமல் மேசையிலிருந்தே திருப்பிவிடுவார். வெளிநாட்டு இதழ்களை மட்டும் எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. இந்திய அறிவியல் அகாதெமி ஸ்பிரிங்கர் நிறுவனத்தோடு சேர்ந்து வெளியிடும் 'சாதனா', பொறியியலின் பல துறைகளுக்கும் இடம் தரும் மதிப்புள்ள இதழாகும். கட்டணத்தைப் பொறுத்தவரை, வாசகர் தரப்பு பணம் கட்டும் சந்தா முறையிலும் எவரும் இலவசமாகப் படிக்கும் திறந்த அணுகல் முறையிலும் இயங்கும் கலப்பு இதழ்களில் சந்தா வழியைத் தெரிவுசெய்தால் பொதுவாகக் கட்டுரையாளர் பணம் கட்ட வேண்டியதில்லை. இது தெரியாமல் கடன் வாங்கிப் பணம் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

"சார், ஸ்கோப்பஸ் பேப்பர், ஒரே மாதத்தில் ஏற்பு உறுதி, மூன்றாவது ஆசிரியர் இடம் காலி" என்று வாட்ஸ்அப்பில் வரும் செய்தியைப் பார்க்காத ஆய்வு மாணவர் இந்தப் பக்கம் அரிது. ஸ்கோப்பஸ் என்பது ஆய்விதழ்களைத் தேர்ந்து பட்டியலிடும் தரவுத்தளம். மதிப்பீடு முடியும் முன்பே ஏற்பை உறுதிசெய்ய எந்த நேர்மையான இதழாலும் இயலாது என்பதால், அந்த ஒரு சொல்லே செய்தியின் தரத்தைக் காட்டிவிடுகிறது. இன்னும் நுட்பமான ஏமாற்றும் உண்டு. உண்மையான இதழின் பெயரையும் அதன் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். எண்ணையும் திருடி, அதே தோற்றத்தில் போலித் தளம் அமைத்துக் கட்டணம் வாங்குகிறார்கள். ஆகவே யாரோ அனுப்பிய இணைப்பைச் சொடுக்காமல், ஸ்கோப்பஸ் இலவசமாகத் தரும் இதழ்ப் பட்டியலில் ஐ.எஸ்.எஸ்.என். எண்ணைக் கொண்டு தேடி, பதிப்பகத்தின் பெயரைச் சரிபார்த்து, அப்பதிப்பகத்தின் முகப்பிலிருந்தே இதழின் பக்கத்துக்குச் செல்ல வேண்டும். அந்தப் பட்டியலில் எந்த ஆண்டு வரை இதழ் சேர்க்கப்பட்டுள்ளது என்பதும் இருக்கும். நீக்கப்பட்ட இதழின் பழைய பெருமையைக் காட்டிப் பணம் பறிப்பவர்களுக்கு அந்த ஒரு வரியே பதில்.

பெரிய பதிப்பகத்தின் பெயர் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு நம்பலாம் என்பதும் சரியன்று. வைலி நிறுவனம் 2021இல் வாங்கிய ஹிண்டாவி இதழ்களில், மதிப்பீட்டு முறையில் நடந்த மோசடிகளால் 2023ஆம் ஆண்டில் மட்டும் 8,000க்கும் மேற்பட்ட கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. அந்தப் பெயரையே வைலி கைவிட்டது. நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு 2025 பிப்ரவரியில், ஏற்கத்தக்க இதழ்களைத் தொகுத்த தன் 'கேர்' பட்டியலை நிறுத்திவிட்டதால், இதழின் தரத்தைத் தீர்மானிக்கும் பொறுப்பு கல்வி நிறுவனங்களிடமும் ஆய்வாளரிடமும் வந்து சேர்ந்திருக்கிறது. சந்தேகம் வந்தால் அந்த இதழின் மூன்று கட்டுரைகளை முழுதாகப் படியுங்கள். வரைபடத்தில் அச்சுப்பெயர் இல்லாமலும், முடிவுரையில் முன்னுரையே திரும்ப வந்தும் இருந்தால், அங்கே மதிப்பீடு நடக்கவில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

எழுதும் வரிசை

அச்சில் தலைப்பு முதலில் வந்தாலும், எழுதுவதைப் படங்களிலிருந்தும் அட்டவணைகளிலிருந்தும் தொடங்குங்கள். நான்கைந்து படங்களை மேசையில் பரப்பி, அவற்றை மட்டும் பார்த்தே கட்டுரையின் வாதத்தைப் பின்தொடர முடிகிறதா என்று பாருங்கள். பிறகு முடிவுகள், செய்முறை, விவாதம், முன்னுரை, முடிவுரை, சுருக்கம் என்ற வரிசையில் எழுதினால் திருப்பி எழுதும் வேலை குறையும்.

நம் மாணவியின் வலிமை வரைபடத்தையே எடுத்துக்கொள்வோம். எக்செல் தானாகத் தந்த வண்ணப் பட்டைகள், தலைக்கு மேல் கொட்டை எழுத்தில் தலைப்பு, ஒவ்வொரு பட்டையின் மீதும் இரண்டு தசம எண்கள் என்று அது முதலில் இருக்கும். ஒவ்வொரு பட்டையும் மூன்று கனசதுரங்களின் சராசரி; ஆனால் அந்த மூன்றும் தம்முள் எவ்வளவு விலகியிருந்தன என்பது படத்தில் இல்லை. சராசரியிலிருந்து ஒரு மாதிரியின் விலகல் 15 விழுக்காட்டைத் தாண்டக்கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456 சொல்கிறது. அதற்கு உட்பட்ட விலகல்கூட 10 விழுக்காட்டுக் கலவைக்கும் 20 விழுக்காட்டுக் கலவைக்கும் இடையே தெரியும் சிறு ஏற்றத்தை விழுங்கிவிடப் போதுமானது. இந்த விலகலைக் காட்டும் பிழைக்கோடுகளை வரைந்த பிறகும் வேறுபாடு நிற்குமானால் அதைப் பற்றி எழுதலாம். நிற்காவிட்டால் 20 விழுக்காடு வரை குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை என்று எழுதுவதே உண்மை, அதுவும் பயனுள்ள முடிவுதான். நிலைக்குத்து அச்சைப் பூச்சியத்திலிருந்து தொடங்குங்கள். அலகை மெகாபாஸ்கல் என்று அச்சில் குறியுங்கள். கறுப்பு வெள்ளையில் அச்செடுத்தாலும் கோடுகள் பிரிந்து தெரிகின்றனவா என்று பாருங்கள். மாணவர்கள் இளக்கம் அளக்கும் கூம்பு வார்ப்பைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒளிப்படம் கல்லூரி ஆண்டு மலருக்குப் பொருத்தமானது.

செய்முறைப் பகுதியில் நாம் பெரும்பாலும் சறுக்குவது, நமக்கு நன்றாகத் தெரிந்த பொருளை விளக்காமல் விடுவதில்தான். "தேரி மணல் திசையன்விளை அருகே எடுக்கப்பட்டது" என்ற வரி நெல்லைக்காரருக்குப் போதும். கொரியாவிலோ பிரேசிலிலோ இருக்கும் மதிப்பீட்டாளருக்கு அது எதையும் சொல்லாது. இது தென்தமிழகக் கடலோரத்தை ஒட்டியுள்ள செம்மணல் மேடு, மணற்பரலின் மேல் படிந்த இரும்பு ஆக்சைடே சிவப்புக்குக் காரணம், பரல்கள் மிக நுண்மையானவை என்று இரண்டு வரியில் அறிமுகம் செய்ய வேண்டும். எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை, ஆழம், கழுவிப் பயன்படுத்தப்பட்டதா, சலித்ததில், மணலின் பருமனுக்கேற்ப ஐ.எஸ். 383 வகுத்த எந்த மண்டலத்தில் விழுந்தது, 75 மைக்ரான் சல்லடையைக் கடந்த தூள் எவ்வளவு, நீர் உறிஞ்சும் அளவு என்ன என்பவையெல்லாம் அட்டவணையில் இடம்பெற வேண்டும். கலவைக்கு ஊற்றியது தாமிரபரணிக் குழாய்நீரா ஆழ்துளைக் கிணற்று நீரா என்பதும், உப்புத்தன்மை ஐயத்துக்கிடமாகும் இடங்களில், எழுதப்பட வேண்டிய செய்தியே. வேறொருவர் இந்தப் பகுதியை மட்டும் படித்து அதே கலவையை வார்க்க முடிய வேண்டும்.

விவாதத்தில் எண்களைத் திரும்பச் சொல்லாமல், ஏன் அப்படி நடந்தது என்பதையும் பிறர் கண்டவற்றோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே முரண்படுகிறது என்பதையும் எழுதுங்கள். முன்னுரையை "கான்கிரீட் உலகில் மிக அதிகமாகப் பயன்படும் கட்டுமானப் பொருள்" என்று தொடங்காத கட்டுரையைக் கண்டால் மதிப்பீட்டாளர் மகிழ்வார். நேராகச் சிக்கலுக்கு வாருங்கள். சுருக்கத்தில் எண்கள் இருக்க வேண்டும். "முடிவுகள் விவாதிக்கப்பட்டுள்ளன" என்ற வரிக்கு அங்கே வேலை இல்லை.

ஆங்கிலத்தைச் சீராக்கச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளைப் பயன்படுத்துவதைப் பெரும்பாலான பதிப்பகங்கள் அனுமதிக்கின்றன. ஆனால் இதழ் கேட்குமிடத்தில் அதை வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். கருவியை ஆசிரியராகச் சேர்க்க முடியாது. கருவிகள் தரும் மேற்கோள்களில், உண்மையில் வெளிவராத கட்டுரைகளும் கலந்திருக்கும் என்பதால், ஒவ்வொன்றின் இணைய அடையாள எண்ணான டி.ஓ.ஐ. எண்ணையும் திறந்து பார்க்காமல் பட்டியலில் சேர்க்கக் கூடாது.

பெயர்களும் பொறுப்பும்

சமர்ப்பிக்கும் தளங்கள் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு பெட்டிகளைத் தருகின்றன. நமக்கோ முன்னெழுத்தும் பெயரும்தான். மு. இசக்கிமுத்து என்பவர் ஒரு கட்டுரையில் 'மு.' என்பதைக் குடும்பப்பெயராகவும், அடுத்ததில் முத்தையா என்ற தந்தை பெயரை விரித்தும், இன்னொன்றில் தம் பெயரை 'இசக்கி', 'முத்து' என்று இரண்டாகப் பிரித்தும் இட்டால், தரவுத்தளத்தில் மூன்று வெவ்வேறு ஆய்வாளர்கள் பிறந்துவிடுவார்கள். ஒரு வடிவத்தை முதல் கட்டுரையிலேயே முடிவுசெய்து, கடைசிவரை மாற்றாமல் வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வாளரை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்கிட் எண்ணைப் பெறுவது இலவசம். எல்லாக் கட்டுரைகளையும் அதனோடு இணையுங்கள். தொடர்பாசிரியரின் மின்னஞ்சல் படிப்பு முடிந்ததும் முடக்கப்படும் முகவரியாக இருக்கக் கூடாது.

யார் யார் ஆசிரியர்கள் என்பதை எழுதத் தொடங்கும் முன்பே பேசிவிடுவது உறவுகளைக் காக்கும். பல இதழ்கள் ஒவ்வொருவரின் பங்களிப்பையும் 14 வகைப் பணிகளாகப் பிரித்துக் கேட்கின்றன. எந்த வகையிலும் அடங்காதவருக்கு, அவர் எவ்வளவு மூத்தவராக இருந்தாலும், நன்றியுரையே உரிய இடம். இதைத் துறைத்தலைவரிடம் சொல்வது எளிதன்று, அந்தப் படிவத்தையே அவர் முன் வைத்து, "மேடம், இதில் எதைக் குறிக்கட்டும்?" என்று பணிவாகக் கேட்பது ஒரு வழி. பிறர் எழுத்தோடு ஒப்பிடும் ஒற்றுமைச் சோதனையில் 10 விழுக்காடு வரை தண்டனை இல்லை என்ற மானியக் குழுவின் 2018 விதிமுறை, பட்டங்களுக்கும் கல்வி நிறுவனங்களுக்கும் உரியது. இதழ்கள் தம் அளவுகோலையே பார்க்கும். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டு இதழ்களுக்கு அனுப்புவது எல்லா இடத்திலும் குற்றமே.

அனுப்பும் நாள்

இதழின் வார்ப்புருவில் அடக்குவது, மேற்கோள்களைச் சோட்டேரோ போன்ற மென்பொருளால் ஒழுங்குபடுத்துவது ஆகியவை பொறுமைக்குரிய வேலைகள் மட்டுமே. எல்சவியர் இதழ்கள் பல, ஒவ்வொன்றும் 85 எழுத்துகளுக்கு மிகாத மூன்று முதல் ஐந்து சிறப்பம்சங்களைக் கேட்கும். முகப்புக் கடிதத்தில் அந்த ஒரே வாக்கிய முடிவையும், அது இந்த இதழுக்கு ஏன் பொருந்தும் என்பதையும் எழுதினால் போதும். மதிப்பீட்டாளர்களைப் பரிந்துரைக்கச் சொன்னால், நீங்கள் மேற்கோள் காட்டிய, ஆனால் உங்களோடு சேர்ந்து எழுதாத ஆய்வாளர்களைத் தாருங்கள். தளம் உருவாக்கித் தரும் பி.டி.எஃப். கோப்பை முதற்பக்கத்திலிருந்து கடைசிவரை படித்த பிறகே ஒப்புதல் பொத்தானை அழுத்துங்கள். மைக்ரான் குறி கட்டமாக மாறியிருப்பது அங்கேதான் தெரியும்.

மதிப்பீட்டுக்குப் பின்

பதில் வர மாதங்கள் ஆகலாம். பெருந்திருத்தம் கேட்டு வந்தால் அது நல்ல செய்தி. கட்டுரையை வெளியிடும் எண்ணம் இதழுக்கு இருக்கிறது என்று பொருள். முதல் நாள் கடிதத்தைப் படித்துவிட்டு மூடி வையுங்கள். பிறகு ஒவ்வொரு கருத்தையும் எண்ணிட்டு, கீழே உங்கள் பதிலையும், திருத்தம் எந்தப் பக்கத்தில் எந்த வரியில் இருக்கிறது என்பதையும் எழுதுங்கள். "வலிமை மட்டுமே சோதிக்கப்பட்டுள்ளது, நீடிப்புத்திறன் ஆராயப்படவில்லை" என்று ஒருவர் கேட்டிருந்தால், மிச்சமிருக்கும் கனசதுரங்களில் நீர் உறிஞ்சும் சோதனையையாவது செய்து எண்ணைச் சேர்ப்பது முதல் வழி. அது இயலாவிட்டால், "இக்கேள்வி முக்கியமானது, குளோரைடு ஊடுருவல் இந்த ஆய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது, இந்த வரம்பைத் தலைப்பிலும் முடிவுரையிலும் இப்போது தெளிவுபடுத்தியுள்ளோம்" என்று எழுதலாம். மதிப்பீட்டாளர் தவறாகப் புரிந்துகொண்டிருந்தாலும், அந்தப் பத்தியைத் திருத்திவிட்டே விளக்கம் சொல்லுங்கள். அவர் தடுமாறிய இடத்தில் வாசகரும் தடுமாறுவார்.

நிராகரிப்பு வந்தால், கருத்துகளில் ஏற்கத்தக்கவற்றைத் திருத்திய பிறகே அடுத்த இதழுக்கு அனுப்ப வேண்டும்; அதே துறையில் அதே மதிப்பீட்டாளரிடமே கட்டுரை மீண்டும் போய்ச் சேர்வது அபூர்வமன்று. ஏற்பு வந்தால், அச்சுப்படி சில நாள்களிலேயே திருத்தத்துக்கு வரும். அதில் பெயர்களின் எழுத்து, கல்லூரி முகவரி, நிதியுதவி எண், அட்டவணைகளில் தசமப்புள்ளி ஆகியவற்றை மூலத்தோடு ஒருவர் வாசிக்க மற்றவர் பார்த்துச் சரிசெய்து, இதழ் குறித்த கெடுவுக்குள் திருப்பி அனுப்புங்கள்.