கனடாவுக்குப் புதிதாக வந்த தம்பதிகளுக்கு: சம்மதமும் சட்டமும்

சின் நம்பர், ஹெல்த் கார்ட், வங்கிக் கணக்கு இதெல்லாம் வந்த கையோடு யாராவது கூட்டிப்போய் எடுத்துத் தருவார்கள். உடலுறவுக்கான சம்மதச் சட்டத்தைப் பற்றி மட்டும் நம் ஆட்கள் வாய் திறப்பதில்லை.

இலங்கையில் நீதிமன்றம் பிரித்து வைத்த தம்பதி என்றால்தான் கணவன் மேல் வன்புணர்வு வழக்கு வரும். இந்தியாவிலும் கணவனுக்கு விலக்கு இருக்கிறது. கனடாவில் 1983இலேயே அதை எடுத்துவிட்டார்கள். தாலி கட்டியது நிரந்தரச் சம்மதம் ஆகாது. அவள் பேசாமல் கிடந்தாள் என்பதும் ஆகாது. தூங்குகிறவரால் சம்மதம் தரவே முடியாது. 'சம்மதம் என்று நினைத்தேன்' என்றால், அதை உறுதிப்படுத்த நீ என்ன செய்தாய் என்று நீதிமன்றம் கேட்கும். குடிவெறியில் இருந்தேன் என்பது பதிலே இல்லை.

என் தோழிக்குக் கணவனால் இப்படி நடந்தது; அவள் கஷ்டப்பட்டது முறைப்பாடு செய்த பிறகுதான். அவள் பொலிஸுக்குச் சொன்னாள். மனைவியோடு நேரடியாகவோ வேறொருவர் மூலமோ தொடர்பு கொள்ளக்கூடாது என்ற நிபந்தனையில் கணவனை விட்டார்கள். அவன் சித்தப்பாவைப் பிடித்தான். "முறைப்பாட்டை வாபஸ் வாங்கு பிள்ளை, குடும்ப மானம் போகுது" என்று அவர் விடாமல் போன் எடுத்தார். அவளும் மனமிளகிப் பொலிஸுக்குப் போனாள். வழக்கை நிறுத்துவது அவள் கையில் இல்லை, அரசுத் தரப்பு வழக்கறிஞர்தான் முடிவெடுப்பார் என்றார்கள். சித்தப்பாவைத் தூது விட்டதே நிபந்தனை மீறல். அவன் மறுபடியும் கைதானான். அதற்கும் சொந்தக்காரர்கள் திட்டியது அவளைத்தான். நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. பெரியவர்கள் பேசித் தீர்க்கிற பழக்கத்தை இந்த விஷயத்தில் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

'நான்தான் ஸ்பொன்சர் பண்ணினேன், திருப்பி அனுப்பிவிடுவேன்' என்ற மிரட்டலுக்கும் பயப்படாதீர்கள். பிஆர் (நிரந்தர வதிவிட உரிமை) கைக்கு வந்துவிட்டால், கணவனை விட்டுப் பிரிந்ததற்காக அது பறிபோகாது. சேர்ந்து வாழ வேண்டும் என்று முன்பு இருந்த நிபந்தனையை 2017இல் நீக்கிவிட்டார்கள். உண்மையில், பாலியல் குற்றத்தில் தண்டனை பெறுகிறவர் பிஆர் என்றால் அவருடைய இருப்புக்குத்தான் ஆபத்து.

சிகிச்சைக்கு ஆஸ்பத்திரி போக முதலில் பொலிஸுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அவசரம் என்றால் 911. பொலிஸ் வந்தால், கணவன் வீட்டார் யாரையும் உங்களுக்காக மொழிபெயர்க்க விடாதீர்கள். தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று கேளுங்கள்.