கேம் சாட்டில் வரும் 'அண்ணா': எங்கே உஷாராக வேண்டும்?

ஆன்லைன் கேமில் உங்கள் பிள்ளையோடு பழகும் ஆள் முதல் நாளே தப்பாகப் பேசமாட்டார். கேமுக்குள் செலவழிக்கும் டைமண்ட் வாங்கித் தருவார், வீட்டில் திட்டு விழுந்தால் ஆறுதல் சொல்வார். பிறகு "வாட்ஸ்அப்புக்கு வா", "அம்மாகிட்ட சொல்லாதே". இந்த இரண்டும் சேர்ந்து வந்தாலே உஷாராகுங்கள். அடுத்து படம் கேட்பார், அதை வைத்தே மிரட்டுவார்.

கோபத்தில் போனைப் பிடுங்கி சாட்டை அழித்துவிடாதீர்கள். ஆதாரம் போய்விடும், பிள்ளையும் அடுத்த முறை வாய் திறக்காது. யூசர் ஐடி, ப்ரொஃபைல் லிங்க், தேதி தெரிய ஸ்கிரீன்ஷாட் எடுத்த பிறகே பிளாக் செய்யுங்கள். அந்தரங்கப் படம் இருந்தால் நகலெடுக்கவோ ஃபார்வர்டு செய்யவோ வேண்டாம், போலீஸிடம் போனையே காட்டுங்கள். பணம் கொடுத்தால் மிரட்டல் நிற்காது, தொகைதான் ஏறும்.

உதவிக்கு 1098, குழந்தைகள் உதவி எண். பெயர் வெளியே வந்துவிடுமோ என்று தயங்க வேண்டாம்: பிள்ளையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிட, குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 23-வது பிரிவு தடை விதிக்கிறது.