முள்ளெலியைக் குளிப்பாட்டுகிறீர்களா? முதலில் ஏசியை அணையுங்கள்

சென்னை வெயிலுக்கு நாமே நாளைக்கு இரண்டு முறை குளிக்கிறோம், பாவம் அதுவும் குளிக்கட்டுமே என்று வளர்ப்பு முள்ளெலியை அடிக்கடி தண்ணீரில் விடுகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். வீடுகளில் வளர்க்கும் ஆப்பிரிக்கக் குட்டை முள்ளெலியின் தோல் சீக்கிரம் வறண்டு செதில் செதிலாக உதிரும். முழுக் குளியல் மாதம் ஒருமுறை போதும், அழுக்கே இல்லையென்றால் அதுவும் தேவையில்லை. ஆனால் ராத்திரி முழுக்க கூண்டிலுள்ள சக்கரத்தில் ஓடிக்கொண்டே மலம் கழித்து, அதையே மிதித்துக்கொண்டிருக்கும் பிராணி என்பதால் பாதங்களை மட்டும் அடிக்கடி கழுவ வேண்டியிருக்கும்.

தொடங்குவதற்கு முன்பே ஏசியையும் ஃபேனையும் அணைத்துவிடுங்கள். பிளாஸ்டிக் டப்பில் கால் வழுக்காமல் சின்னத் துண்டு விரித்து, வெதுவெதுப்பான தண்ணீரை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்கு மட்டும் ஊற்றுங்கள். சமையலறை சிங்க் கூடவே கூடாது, முள்ளெலியிடமிருந்து சால்மோனெல்லா கிருமி நமக்குத் தொற்றலாம். முடித்ததும் கையையும் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

முள்ளெலிக்குச் சோப்பு வேண்டாம். ஒரு கைப்பிடி ஓட்ஸைப் பழைய காட்டன் சாக்ஸில் போட்டு முடிந்து தண்ணீரில் பிழிந்தால் வெள்ளையாகக் கலங்கி வரும், அதுவே போதும். வேப்பெண்ணெய், மஞ்சள் எல்லாம் நம்மோடு இருக்கட்டும். டீ ட்ரீ ஆயில் முள்ளெலிக்கு விஷம். குழந்தைகளின் மெத்தென்ற டூத்பிரஷ்ஷால் முள் படிந்திருக்கும் திசையிலேயே, அதாவது தலையிலிருந்து பின்பக்கமாகத் தேயுங்கள். முகத்துக்கு ஈரத்துணி போதும், காதில் ஒரு சொட்டுகூடப் போகக் கூடாது. சுருண்டுகொண்டால் மூக்கு தண்ணீரில் முங்கிவிடும், அதனால் வயிற்றுக்கு அடியில் ஒரு கை எப்போதும் இருக்கட்டும். புது வாசனை பட்டதும் வாயில் நுரை வரவழைத்து உடம்பை முறுக்கி முள்ளில் பூசிக்கொள்ளும், அது அதன் இயல்பு, பயப்பட ஒன்றுமில்லை.

நகம் வெட்டவும் இதுதான் நல்ல நேரம், கால் ஊன்றி நிற்கும். உள்ளே தெரியும் ரத்தக் குழாயைத் தொடாமல் நுனியை மட்டும் வெட்டுங்கள், ரத்தம் வந்தால் கார்ன்ஃப்ளாரை வைத்து அழுத்துங்கள். அப்படியே விரல்களுக்கு நடுவிலும் பாருங்கள். வீட்டில் உதிர்ந்து கிடக்கும் நீளமான தலைமுடி ஒன்று காலில் சுற்றி இறுகினால் ரத்த ஓட்டம் நின்று விரலே போய்விடும்.

அப்புறம் துவட்டுவது. குளியலில் பாதி வேலை இதுதான். துண்டில் சுற்றி மடியில் வைத்து, வயிறும் அக்குளும் முழுசாகக் காயும்வரை ஒற்றி எடுங்கள், ஹேர் டிரையர் வேண்டாம், அதன் சத்தத்தில் மிரண்டுபோகும். அறை 24 முதல் 29 டிகிரி வரை இருந்தால் நல்லது. ஈரத்தோடு 20 டிகிரி ஏசியில் விட்டால் உடம்பு குளிர்காலத் தூக்கத்துக்குப் போகப் பார்க்கும், இந்த இனம் அதைத் தாங்காது. வயிறு சில்லென்று இருந்து, நடை தள்ளாடினால் உங்கள் உடம்புச் சூட்டில் அணைத்தபடி உடனே மருத்துவரிடம் கொண்டுபோங்கள்.

குட்டிப் பருவத்தில் முள் உதிர்ந்து புதுசு முளைப்பது சாதாரணம். வளர்ந்த முள்ளெலிக்கு முள் கொட்டி, அடியில் பொடுகு மாதிரி தெரிந்தால் மைட் என்ற நுண்ணிய உண்ணிப்பூச்சியாக இருக்கலாம், அது குளியலில் போகாது, மருந்துதான் வேண்டும்.