பெரியவர்கள் கையெழுத்தைத் திருத்துவது எப்படி? மூன்று எழுத்தில் தொடங்குங்கள்

தேவையானவை: இரட்டைக்கோடு நோட்டு, எச்பி பென்சில், பால்பாயிண்ட் பேனா. ஜெல் பேனா இப்போதைக்கு வேண்டாம். நம் குமரி மாவட்டத்துக்கு இரண்டு பருவமழையும் உண்டு. தாள் ஈரம் பிடித்தால் ஜெல் மை பரவிச் சுழிகள் அடைந்துபோகும்.

முதல் நாள் இந்த வரியை வழக்கமான வேகத்தில் மூன்று முறை எழுதித் தேதி போடுங்கள்:

ஆரல்வாய்மொழி தாண்டினால் தோவாளை, குழித்துறை தாண்டினால் களியக்காவிளை.

ல, ள, ழ மூன்றும், ண, ன இரண்டும், ஒற்றை, இரட்டை, சங்கிலிக் கொம்புகளும் இதிலேயே வந்துவிடுகின்றன. மிக மோசமான மூன்று எழுத்துகளை மட்டும் சிவப்பில் வட்டமிடுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாகத் திருத்தப் போனால் கை பழைய வடிவத்துக்கே ஓடும்.

பேனாவை முனையிலிருந்து சுமார் 3 செ.மீ. மேலே பிடியுங்கள். தாளைத் திருப்பித் தடவும்போது எழுத்து புடைத்திருந்தால் அழுத்தம் அதிகம். விரல் வலிக்கும் காரணமும் அதுதான்.

தினமும் 15 நிமிடம் போதும். முதல் 5 நிமிடம் சுழியும் நேர்கோடும். மீதி நேரம் வட்டமிட்ட எழுத்துகள், ஒவ்வொன்றும் இரண்டு வரி, பென்சிலில், மெதுவாக. ஒரு வரி முடிந்ததும் அதில் நன்றாக வந்த எழுத்தைத் தேர்ந்து, அடுத்த வரியில் அதையே பார்த்து எழுதுங்கள்.

அடிக்கடி கெடும் இடங்கள் சில. ண-வின் மூன்று சுழிகளில் ஒன்று நசுங்கினால் ன ஆகிவிடும்; ன-வைவிட ஒன்றரை மடங்கு அகலம் கொடுங்கள். ர-வின் வால் கோட்டுக்குக் கீழே சாய்ந்து இறங்க வேண்டும், துணைக்கால் (ா) கோட்டிலேயே நிற்க வேண்டும். இல்லையேல் இரண்டும் ஒன்றுபோலிருக்கும். இரட்டைக் கொம்பின் மேல்சுழியை விட்டால் தோவாளை 'தொவாளை' ஆகிவிடும். புள்ளியை அந்தந்த எழுத்து முடிந்ததுமே அதன் நடு உச்சியில் வையுங்கள். சொல் முழுவதையும் எழுதிவிட்டுத் திரும்பி வந்து வைப்பதால்தான் புள்ளி பக்கத்து எழுத்தின் தலையில் விழுகிறது.

1978-இல் வந்த எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் படித்தவர்கள் னா, ளை போன்றவற்றில் பழைய வடிவத்தையும் புதியதையும் கலந்து எழுதுவதுண்டு. ஒன்றையே வைத்துக்கொள்ளுங்கள், புதியதே இன்று எல்லோருக்கும் எளிதில் புரியும்.

சொல்லுக்குச் சொல் ஒரு 'ப' அகலம் இடம் விடுங்கள்.

இரண்டு வாரம் கழித்துப் பேனாவுக்கு மாறுங்கள். வடிவம் நிலைத்த பிறகே வேகம். வேகம் கூட்டியதும் சுழி உடைந்தால் ஒரு வாரம் பின்வாங்குங்கள். 30-ஆம் நாள் அதே வரியை எழுதி முதல் பக்கத்தோடு ஒப்பிட்டு, அடுத்த மூன்று எழுத்துகளை வட்டமிடுங்கள்.