வாய்க்கால் உராய்வை ஏஐ வச்சு கணிக்கிறவங்க தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு தம்பி அவன் மாடல கொண்டு வந்து காட்டினான், டெஸ்ட் டேட்டால ஆர் ஸ்கொயர் (கணிப்பு எவ்ளோ பொருந்துதுங்கற மார்க், ஃபுல் மார்க் 1) 0.99. மூஞ்சி பூரா சிரிப்பு. எனக்கு வயித்த கலக்கிடுச்சு, ஏன்னா சில வருஷம் முன்னாடி அதே நம்பர வச்சுகிட்டு நானும் இப்படித்தான் இளிச்சுகிட்டு நின்னேன். ஸ்கேலிங் பண்ணு, காலி செல்ல பாருங்கறதெல்லாம் எந்த டுடோரியல்லயும் இருக்கு, அத விட்டுடறேன்.

விடையையே இன்புட்டா குடுக்கறது

இன்னிக்கும் கடுப்பேத்துறது இதுதான். உராய்வ, அதாவது வாய்க்கால் தண்ணிய எவ்ளோ இழுத்து பிடிக்குதுங்கறத, நாம யாரும் நேரா அளக்கறது இல்ல, வேகம், ஹைட்ராலிக் ரேடியஸ் (தண்ணியோட குறுக்குவெட்டுப் பரப்பு ÷ நனையற சுற்றளவு), சரிவு மூணையும் அளந்து ஃபார்முலால போட்டு பின்னாடியிருந்து எடுக்கறோம். டார்சி-வெய்ஸ்பாக் எஃப்ங்கற உராய்வு எண்ணுன்னா 8 × ஜி (புவியீர்ப்பு) × ரேடியஸ் × சரிவு ÷ வேகத்தோட வர்க்கம். இப்ப தம்பி குடுத்த இன்புட் என்ன? சரிவு, ஃப்ரூட் நம்பர் (தண்ணியோட வேகத்த அதுல போற அலையோட வேகத்தோட ஒப்பிடற எண்). ரேடியஸ வச்சு போட்ட ஃப்ரூட்னா அதோட வர்க்கம் வேகத்தோட வர்க்கம் ÷ (ஜி × ரேடியஸ்). ஒரு பேப்பர்ல எழுதி அடிச்சு பாருங்க, மிச்சம் நிக்கறது எஃப் = 8 × சரிவு ÷ ஃப்ரூட் வர்க்கம், அவ்ளோதான். சரிவு 0.001, ஃப்ரூட் 0.4ன்னா எஃப் 0.05. இத கண்டுபிடிக்கத்தான் நியூரல் நெட்வொர்க் ராத்திரி பூரா ஓடிருக்கு.

மேனிங் ஃபார்முலால வர்ற nங்கற உராய்வு எண்ணுக்கும் இதே கதைதான். நான் ஆறு மாசம் அதுல மாங்கு மாங்குன்னு உழைச்சு, மீட்டிங்ல படம் படமா காட்டிகிட்டு இருக்கேன், பின்னாடி உக்காந்திருந்த ஒரு பெரியவர் கேட்டார், "வேகம்தான் தெரிஞ்சுபோச்சே, அப்புறம் n எதுக்குப்பா?" பதிலே இல்ல. டிசைன் பண்றப்ப வேகம் தெரியாது, அத கண்டுபிடிக்கத்தானே n வேணும்! வேகத்தையும் அதுலேருந்து பொறந்த ஃப்ரூட், ரெனால்ட்ஸ் நம்பர் எல்லாத்தையும் தூக்கிட்டு, அகலத்துக்கு இவ்ளோ நீர்வரத்து, சரிவு, மணல் சைஸ் மட்டும் வச்சு ஓட்டினா ஆர் ஸ்கொயர் 0.6 கிட்ட வந்து விழுந்துச்சு. கஷ்டமா இருந்துச்சு, ஆனா அதுதான் நெஜம்.

செக் பண்ண ஒரு வழி சொல்றேன். டேட்டா ஷீட்ல வேகத்துக்கான column-ல கண்ட ரேண்டம் நம்பரையும் போட்டு, ஃப்ரூட், எஃப் ரெண்டையும் திரும்ப கணக்கு பண்ணி ட்ரெயின் பண்ணுங்க. அப்பவும் 0.99 வந்தா உங்க மாடல் தண்ணிய கண்ணால கூட பாக்கல.

ரேண்டமா பிரிக்கறது

ஒரே ஃப்ளூம் (லேப்ல இருக்கற செயற்கை வாய்க்கால்), ஒரே மணல், பம்ப கொஞ்சம் கொஞ்சமா கூட்டி எடுத்த பத்து ரீடிங். அதுல எட்டு ட்ரெயினிங், ரெண்டு டெஸ்ட்னா கொஸ்டின் பேப்பர் முந்தின நாளே கைல. ஃப்ளூம் வாரியா பிரிங்க.

அடியும் மீட்டரும் கலந்த டேட்டா

மேனிங் ஃபார்முலால மீட்டர்னா முன்னாடி 1, அடின்னா 1.486. பாத்துக்கங்க.

மணல் படுகைக்கு ஒரே மாடல்

வெள்ளம் ஏற ஏற அடியில இருக்கற மணல் மேடெல்லாம் கரைஞ்சு படுகை தட்டையாயிடும், உராய்வு சட்டுனு குறையும். மாடல் ரெண்டுக்கும் நடுவுல ஒரு சராசரிய சொல்லும், அந்த உராய்வு எந்த நிலையிலயும் இருக்காது. முதல்ல மேடா தட்டையான்னு பிரிக்க ஒரு மாடல், அப்புறம் ஒவ்வொண்ணுக்கும் தனி மாடல்.

ஃப்ளூம்ல படிச்சுட்டு ஆத்துக்கு ஜோசியம்

வேண்டாம்.

தம்பிகிட்ட அந்த ரேண்டம் வேக டெஸ்ட சொல்லி அனுப்பினேன். ராத்திரி பதினோரு மணிக்கு மெசேஜ்: "அண்ணே, அதே 0.99 வருதுண்ணே."